நான் சொல்லப்போன சேதி

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் வேலை செய்கிறேன். அங்கே யாருக்காவது அடிபட்டால் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறவன் நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை போனேன், அதுவே வழக்கமாகிவிட்டது. வாசலில் நின்று முதலில் தண்ணீர் கேட்பேன். "கையில லேசா அடி, ஆஸ்பத்திரில சேத்துக்கீறாங்க, வாம்மா பாத்துட்டு வரலாம்" என்பேன். மீதியை ஆட்டோவில், எதிரே இருக்கும் முகம் தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வேன்.

போன மழைக்காலத்தில் கிரேனிலிருந்து ஒரு கம்பிக்கட்டு நழுவி, என்னோடு வேலை செய்கிறவன் காலில் விழுந்தது. கிரேன்காரரைக் கூப்பிட ஓடினேன். கட்டைத் தூக்கியதும் அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். "ஊட்ல சொல்லிடாதண்ணா, பயந்துக்கும்" என்றான். ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு பைக்கை எடுத்தேன்.

ஆரம்பாக்கத்தில் அவன் மனைவி போனும் கையுமாக வாசலில் நின்றிருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா, கால்ல லேசா..."

"வேணாண்ணா. பாத்துட்டேன்."

யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். நான் ரயில்வே கேட்டில் காத்திருந்த நேரத்தில் அது அவளிடம் வந்துவிட்டது. போனை என் பக்கம் திருப்பினாள். கம்பிக்கு அடியில் கால், சுற்றிலும் ஆட்கள். அவன் வாய் திறந்து திறந்து மூடுகிறது. குரல் கேட்கவில்லை. அதன்மேல் ஒரு சோகப் பாட்டை ஒட்டியிருந்தார்கள்.

"இன்னா சொல்றாருண்ணா இதுல?"

எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் கிரேன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். பிறகு மடியில் கிடந்து அவன் சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே மறுபடி ஓடவிட்டாள்.

"நீ எங்கண்ணா கீற? எல்லாரும் சும்மா நின்னுகினுதான கீறாங்க."

"அதுக்கப்புறம்தாம்மா நான் வந்தேன்."

ஆஸ்பத்திரிவரை ஆட்டோவில் அந்தப் பாட்டே திரும்பத் திரும்ப ஓடியது. சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பொங்கல் கழிந்து வீட்டுக்குப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அன்று நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை, வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறான்.

"உன் தலைய நான்தான்டா புடிச்சுகினு இருந்தேன். ஊட்ல சொல்லாதன்னு சொன்ன."

மனைவியைப் பார்த்தான். பிறகு என்னை.

"வீடியோல அப்டி இல்லியேண்ணா."

குற்றம் சொல்லும் குரல் அல்ல. எனக்கு வருத்தம் வந்துவிடக் கூடாதே என்று தணிவாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவள் டீ கொண்டுவந்தாள், குடித்தேன்.

இப்போதும் போய்வருகிறேன். செயற்கைக்கால் பொருத்தி நடக்கப் பழகுகிறான். பிள்ளைகள் படிப்பு, கம்பெனி விவகாரம் எல்லாம் பேசுவோம். அந்த நாளை மட்டும் நான் எடுப்பதில்லை.