சான் அன்டோனியோவில் தனியாக வந்த சாம்பியன்

டெக்சாஸில் பழைய மல்யுத்த அரங்குகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும், எப்படிப் போவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். நான் போனது 1985 ஆகஸ்டில். அன்றைய விலைகளைத்தான் எழுதுகிறேன். தூரத்தை மட்டும் அப்படியே நம்பலாம்.

அப்போது நானும் என் சகலை குமரேசனும் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சர் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தோம். சனிக்கிழமை காலையில் கடையின் பின்னறையில் துவரம்பருப்பைப் பாக்கெட் போட்டுக்கொண்டே டிவியில் மல்யுத்தம் பார்ப்போம். எங்களுக்கு உயிர் டேக் டீம் ஆட்டம்தான். இருவருக்கு எதிராக இருவர். ஒருவன் உள்ளே அடி வாங்குவான், கூட்டாளி கயிற்றுக்கு வெளியே நிற்பான். உள்ளே இருப்பவன் தட்டுத்தடுமாறி வந்து கையைத் தொட்டால்தான் வெளியே நிற்பவன் இறங்கலாம்.

பயணத்துக்கு வீட்டில் சொன்ன காரணம், டெக்சாஸ் அரிசி ஆலையில் நேரடியாக விலை பேசுவது. உள்காரணம் வேறு. கலிபோர்னியாவில், சான்டா கிளாராவில் புதுக்கடை போட்ட ஒருவர் குமரேசனைப் பங்குக்குக் கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் அவன் பதில் சொல்ல வேண்டும். மூன்று நாள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் மனதை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் ஹூஸ்டன். வாடகைக் கார் நாளுக்கு 29 டாலர், மோட்டல் 24. சனிக்கிழமை கிழக்கே 85 மைல் போய் பியூமான்ட் ஆலையில் வேலையை முடித்தோம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, மல்யுத்தம் பார்க்க சான் அன்டோனியோவுக்குக் கிளம்பினோம். ஐ-10 நெடுஞ்சாலையில், அங்கே ஃப்ரீவே என்பார்கள், நேராக 197 மைல். அன்றைய சட்டப்படி வேகம் 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பதால் நாலு மணி நேரம் ஆனது. கழுத்து வேர்க்கும் அளவுக்கு வெயில்.

"கலிபோர்னியாவுல வாடகை என்ன தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சகலை. வீடு பாத்தாச்சு."

"பாத்தாச்சா? என்கிட்ட சொல்லவே இல்ல!"

"நீங்க கேக்கவே இல்லையே." கண்ணாடியைப் பார்த்து லேன் மாற்றினான். "டாக்கோ சாப்பிடலாமா? வெஜிடேரியன்னு கேட்டா கோழியத்தான் வெப்பான், பரவால்லயா?"

அரங்கு ஒரு தகரக் கொட்டகை. டிக்கெட் ஆறு டாலர், ஆட்டம் மூன்று மணிக்கு. சீக்கிரம் போனது நல்லதாயிற்று. நுழைவாயில் சுவர் முழுக்க, அந்த வட்டாரத்து டேக் டீம் பட்டத்தை வைத்திருந்த ஜோடிகளின் படங்கள். அப்போதெல்லாம் வட்டாரத்துக்கு ஒரு பட்டம், இரண்டு பெல்ட். டிக்கெட் கிழித்த மெக்சிகன் பெரியவர் ஒவ்வொரு படமாகக் கதை சொன்னார். முதலில் முகமூடி ஜோடி. அடுத்து அண்ணன் தம்பி என்று அறிவிக்கப்பட்ட இருவர். ஒருவர் கனடா, மற்றவர் ஒக்லஹோமா. அதிக நாள் வைத்திருந்த ஜோடி ஒருவரோடு ஒருவர் பேசவே மாட்டார்களாம், தனித்தனிக் காரில்தான் ஊர் ஊராகப் போவார்களாம். நடுநடுவே படம் இல்லாத வெற்று அட்டைகள். அது என்ன என்றேன். ஜோடியில் ஒருவன் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டால் பட்டம் காலி, புது ஜோடி ஜெயிக்கும்வரை அட்டைதான் தொங்கும் என்றார். குமரேசன் அந்த அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். பதினொன்று.

கடைசிப் படத்தில் இருந்தவர்கள்தான், டிவியில் பார்த்துப் பழகி, நாங்கள் நேரில் பார்க்க வந்த சாம்பியன்கள்: ஒரு நெடியவன், ஒரு குட்டையன். ஆனால் நெடியவன் மட்டும்தான் வந்தான், இரண்டு தோளிலும் இரண்டு பெல்ட்டோடு. குட்டையன் வேறு மாநிலத்தில் சேர்ந்துவிட்டான் என்று மைக்கில் சொன்னார்கள். தனியாக இருவரை எதிர்க்க வேண்டும், இல்லையென்றால் பெல்ட்டைக் கீழே வைக்க வேண்டும். நெடியவன் எதிர்த்தான். முடிவெல்லாம் முன்பே பேசி வைத்தது என்று எனக்கும் தெரியும். ஆனால் விழுகிற அடி நிஜம். ஒரு கட்டத்தில் அவன் பழக்கத்தில் தன் மூலையைப் பார்த்துக் கையை நீட்டினான். அங்கே யாரும் இல்லை. ஒன்பதே நிமிடத்தில் தோற்றான்.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கார் நிறுத்தத்தில் ஆரம்பித்தேன். "பாத்தியா? கூட்டாளி விட்டுட்டுப் போனா என்ன கதின்னு?"

"அவனுக்கு அடி வாங்கவே தெரியல சகலை."

"என்னடா சொல்ற?"

"டிவியில பத்து நிமிஷம் அடி வாங்குறது யாரு? குட்டையன். இவன் கடைசி ரெண்டு நிமிஷம் குதிச்சு வந்து கைதட்டு வாங்கிட்டுப் போவான். அவன் ஏன் போனான்னு ஒருத்தன் கேக்கல." என் பக்கம் திரும்பினான். "வாரத்துக்கு மூணு நாள், காலைல நாலு மணிக்கு நியூயார்க் மார்க்கெட்டுக்கு வேன் எடுத்துட்டுப் போறது யாரு?"

"நீதான். உனக்குத்தான் டிரைவிங்னா பிடிக்குமே."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ஆறு வருஷமாக நானாக வைத்துக்கொண்டது. நான் கல்லாவில் உட்கார்ந்தேன். வருகிற ஆன்ட்டி, அங்கிள் எல்லோரும் அதை என் கடை என்றார்கள். நானும் திருத்தவில்லை.

"சாவியக் குடு," என்றேன்.

"ஃப்ரீவே சகலை. ஓடுற வண்டிங்க நடுவுல நுழைஞ்சு மெர்ஜ் பண்ணவே நீங்க பயப்படுவீங்க."

"குடுடா."

செகின் ஊர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். ஹூஸ்டன் வரைக்கும் லாரிகள் என் காது கிழிய ஹாரன் அடித்தன. அவன் அசையவில்லை. மூன்று நாளாக அவன்தான் ஓட்டியிருக்கிறான், களைப்பாக இருக்கிறதா என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

திங்கள் காலை மோட்டலிலிருந்தே சான்டா கிளாராவுக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டான். யோசித்து வைத்திருந்த வாதம் எதையும் நான் எடுக்கவில்லை. "மார்க்கெட்ல வெண்டைக்கா யார்கிட்ட வாங்குற?" என்று மட்டும் கேட்டேன். சிரித்துவிட்டான். மோட்டல் காகிதத்தில் வழி, கடை எண், எந்த ஆள் ஏமாற்றுவான் என்பதெல்லாம் எழுதிக் கொடுத்தான். இரண்டு பக்கம் வந்தது.

போகிறவர்களுக்கு: ஆகஸ்டைத் தவிருங்கள், பிப்ரவரி நல்லது. ஹூஸ்டனில் இறங்கிக் கார் எடுப்பதுதான் வசதி. அந்தக் கொட்டகை இப்போது இல்லை என்று கேள்வி; மற்ற ஊர் அரங்குகளுக்கும் முன்கூட்டியே போன் செய்து விசாரித்துவிட்டுப் போங்கள். சைவம் என்றால் கையோடு சாப்பாடு ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேராகப் போனால் காரைப் பாதிப் பாதி ஓட்டுங்கள். போகும்போதே.