ரங்கூனில் தொலைந்த பூட்ஸ்

போன வெள்ளிக்கிழமை காலை, வலியசாலையில் எங்கள் தெருவில் ஒரு சுமங்கலி காலமானாள். பெயர் பகவதி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. டைபாய்டு.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் மூன்றாவது பாராவுக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும்.)

வெள்ளிக்கிழமை... அதுவும் மஞ்சள் குங்குமத்தோடு. தெருப் பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? கூடத்தில் கிடத்தியிருந்த உடம்பின் நெற்றியிலிருந்து ஒரு பொட்டுக் குங்குமம் எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொள்ள, வாசல்வரை வரிசை. "கொடுத்து வைத்தவள்" என்று ஆளுக்கு ஒரு தரம் சொன்னார்கள். ரேஷன் கடையில்கூட இத்தனை ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை.

என் மனைவியும் நின்றாள். வரிசையில் நிற்காதவர்கள், வழக்கப்படி ஒதுங்கி நின்ற விதவைகளும் கோமு என்கிற பெண்ணும்தான். கோமுவைப் பற்றிப் பிறகு.

நம் பத்திரிகை ஆசிரியர் போன மாதமே எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். எப்போது பார்த்தாலும் பென்ஷன், அப்பீல், தாசில்தார் என்றே எழுதுகிறேனாம், வாசகர்கள் களைத்துப்போய்விட்டார்களாம். ரங்கூன் போய் வந்தவராமே, உல்லாசமாக ஒரு பயணக் கட்டுரை தரக்கூடாதா என்று கேட்டிருந்தார்.

தரலாமே. இந்த வாரம் அதைத்தான் தரப்போகிறேன். உல்லாசத்துக்கு நான் ஜவாப்தாரி அல்ல.

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு, ரிடையர் ஆன கையோடு போன பயணம் அது. பகவதியின் புருஷன் சிவராமன் எங்கள் தெருவில் பிறந்தவன். ரங்கூனில் ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட்கிளார்க். "மாமா, வாங்கோ, ஊரைச் சுத்திக் காட்டறேன்" என்று வருஷம் தவறாமல் எழுதுவான். போனேன்.

எப்படிப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மை குத்திய சர்டிபிகேட், அதற்கு ஒரு நகல், நகலுக்கு அட்டஸ்டேஷன். கூடவே, எந்த நாள் எத்தனை மணிக்கு எந்த இடம் என்று ஒரு முழு புரோகிராம். சிவராமன் அதை மரியாதையாக முழுவதும் படித்தான். பிறகு நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலின் அடியில் செருகினான்.

"மாமா, இது இன்ஸ்பெக்ஷன் இல்லை. வேடிக்கை பார்க்க வந்திருக்கேள். வேடிக்கையை மெதுவாத்தான் பார்க்கணும்."

மெதுவாகத்தான் பார்த்தோம். டிராமில் ஏறுவோம், பாதியில் இறங்கிவிடுவோம். ஏன் என்று கேட்டால், இந்தத் தெருவில் ஒருவன் பாம்பு வளர்க்கிறான், பார்த்துவிட்டுப் போகலாம் என்பான். ஏரிக்கரையில் உட்கார்ந்தால் பெரிய பகோடாவின் தங்கக் கோபுரம் தண்ணீரில் தலைகீழாக நிற்கும். வெயில் சாயச் சாய அது மஞ்சளாகி, சிவப்பாகி, கடைசியில் செம்பாகும். அது செம்பாகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். டிபன் கேரியர் பகவதியின் இலாகா.

மார்க்கெட்டில் பர்மியப் பெண்கள் பெரிய பெரிய சுருட்டைப் புகைத்துக்கொண்டே வியாபாரம் செய்தார்கள். புருஷன்மார்கள் பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார்கள். பகவதி அதை வெகு நேரம் பார்த்தாள்.

"இவாள்ல ஒருத்தியை நம்ம தெருவுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் உட்கார வைக்கணும், மாமா" என்றாள்.

அந்த ஊரில் துறைமுகத்திலிருந்து கோர்ட்டு வரை எங்கே திரும்பினாலும் நம்மவர்கள். அந்த ஊர்க்காரர்களை நாங்கள் பொம்மை மாதிரி வேடிக்கை பார்த்தோம். அவர்கள் எங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று கவனிக்க, என் புரோகிராமிலும் இடமில்லை. சிவராமனின் புரோகிராமின்மையிலும் இடமில்லை.

ஒரு நாள் பெரிய பகோடாவுக்குப் போனோம். அங்கே முதல் படிக்கு முன்பே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். வெள்ளைக்காரத் துரைகள் கழற்ற மனசில்லாமல் மேலே ஏறுவதே இல்லையாம். நான் துரை இல்லையே... மதராஸில் வாங்கிய புது பூட்ஸைப் படியடியில் ஒரு பூக்காரியிடம் ஒப்படைத்து, சைகையால் ரசீது கேட்டேன். அவள் சிரித்து ஒரு பூவைக் கொடுத்தாள்.

சிவராமன் என்ன செய்தான் தெரியுமா? பையிலிருந்து பழைய நியூஸ்பேப்பரை எடுத்தான். பூட்ஸைச் சுற்றினான். சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினான். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினான். சின்ன வயதில் கிழக்கேகோட்டையில், கோவில் வாசலில் ஒரு ஜோடி போய்விட்டதாம். அதிலிருந்து, எந்த ஊர் சாமியையும் கும்பிடலாம், எந்த ஊர் வாசலையும் நம்பக்கூடாது என்பது அவன் கொள்கை. பட்டணத்து நடுவில் ஒரு சின்னப் பகோடா உண்டு. தினமும் ஆபீஸ் போகிற வழியில் அங்கேயும் ஒரு கும்பிடு; அங்கேயும் அதே பொட்டலம், அதே கக்கம். பர்மியர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போவார்கள். பேப்பரில் பொட்டலம் கட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டவன் அந்த ஊரிலேயே இவன் ஒருவன்தான்.

நாங்கள் இறங்கி வந்தபோது பூக்காரி இருந்தாள். பூட்ஸ் இல்லை.

சிவராமன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பகவதி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூட்டை தூக்குகிறவன்கூட நின்று பார்த்துவிட்டுப் போனான். ரிடையர்டு சர்க்கார் உத்தியோகஸ்தன் வெறுங்காலோடு டிராம் ஏறினேன்.

பயணக் கட்டுரை இத்தோடு முடிந்தது.

பிறகு யுத்தம் வந்தது. சிவராமன் பகவதியைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினான். ஆபீஸைக் கட்டிக்கொண்டு தான் மட்டும் தங்கினான். ரங்கூனில் குண்டு விழுந்தது. கடிதம் நின்றது. எங்கள் ஊருக்கும் அகதிகள் ஒருவர் இருவராக வர ஆரம்பித்தார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் முதலில், காட்டு வழியாக நடந்தவர்கள் பிறகு, எலும்பும் தோலுமாக. வருகிற ஒவ்வொருவரிடமும் சிவராமனின் அண்ணன் அனந்து போய் விசாரிப்பார். ஒருவருக்கும் தெரியவில்லை.

அனந்து கெட்டவரில்லை. பெண்ணைப் பெற்றவர். அவருடைய மகள்தான் கோமு. கரமனையில் வரன் நிச்சயமாகியிருந்தது. பிள்ளையின் தகப்பனார் ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் தம்பி இருக்கிறாரா, இல்லையா? தாலி கட்டுகிற சமயத்தில் சாவுச் செய்தி வந்து தீட்டு விழுந்தால் என்ன செய்வது? இரண்டில் ஒன்று தெரிந்தால்தான் முகூர்த்தம் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து சுப்பையா பிள்ளை அகப்பட்டார். நாஞ்சில் நாட்டுக்காரர், ரங்கூனில் காப்பிக் கடை வைத்திருந்தவர். சிவராமன் எப்போதாவது அவர் கடைக்குப் போவது உண்டு. அனந்து அவரை வீட்டுக்கு அழைத்துவந்தார். புரோகிதம் செய்கிற குடும்பத்து வாத்தியார் வந்தார். கரமனைக்காரர் வந்தார். எனக்கும் ஆள் வந்தது. எந்த விஷயத்துக்கு என்ன விதி என்று தெரியாமல் தெருவில் ஒரு காரியம் நடந்தால் என்னைக் கூப்பிடுவது வழக்கம். பகவதி சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தாள். கதவுக்குக் கீழே அவள் கால்விரல் தெரிந்தது.

விதி என்ன? காணாமல் போனவனைப் பற்றி ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால் செத்தவனாகக் கொள்ளலாம் என்கிறது சர்க்கார் சட்டம். சாஸ்திரம் இன்னும் பொறுமைசாலி. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, தர்ப்பைப் புல்லால் ஓர் ஆள் செய்து, அதைக் கொளுத்திக் கருமம் செய்யச் சொல்கிறது. ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி கிடைத்தால் இரண்டுமே வேண்டாம். அன்றைக்கே முழுக்கு. பத்தாம் நாள் அவள் தாலியை வாங்கி, தலையை மழித்து, நார்மடிப் புடவையைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிடலாம். நாவிதருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தாகிவிட்டது என்று வாத்தியார் என் காதோடு சொன்னார். சாட்சி பேசுவதற்கு முன்பே!

சுப்பையா பிள்ளை பேசினார். காலையில் சங்கு ஊதியதாம். ஒருவரும் பதுங்கு குழிக்குப் போகவில்லையாம். தெரு நிறைய ஜனங்கள் நின்று ஆகாசத்தைப் பார்த்தார்களாம். விமானமும் விமானமும் சண்டை போடுவதை அதற்கு முன் யார் கண்டது? அப்புறம்தான் விழுந்ததாம். சின்னப் பகோடாவுக்கு எதிரே விழுந்து கிடந்தவர்களில் ஒருவர் சிவராமன் மாதிரி இருந்தாராம்.

"மொகத்தப் பாத்தீரா?" என்று வாத்தியார் கேட்டார்.

"மொகம் எங்க சாமி இருந்து? கோட்டு அவரு கோட்டுதான். கறுப்பு அல்பாக்கா. பாவம், காலுல ஒண்ணும் இல்ல. செருப்ப பேப்பருல பொதிஞ்சு கக்கத்துல வச்சிருந்தாரு. கை வுடல்ல."

அவர் அதை ஒரு விவரமாகச் சொல்லவில்லை. வழியில் கண்ட இன்னொரு கோரமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். அனந்துவோ வாத்தியாரோ ரங்கூன் போனவர்கள் இல்லை. அவர்கள் காதில் விழுந்தது கோட்டு மட்டும்தான்.

எனக்கு மற்றது விழுந்தது. உள்ளே கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறான். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன், எல்லோரும் மேலே பார்க்கிறார்களே என்று அவனும் பார்த்திருக்கிறான். மெதுவாகத்தான் பார்த்திருப்பான்.

கதவுக்குக் கீழே தெரிந்த கால்விரல் சட்டென்று உள்ளே போயிற்று.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சுப்பையா பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ரங்கூனில் கறுப்பு அல்பாக்கா கோட்டுப் போட்ட குமாஸ்தாக்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

"அது கெடக்கும் சாமி, ஆயிரக்கணக்குல" என்றார்.

"அப்படியானால் இது சாட்சியம் ஆகாது" என்றேன். "முகம் பார்க்கவில்லை. பெயர் கேட்கவில்லை. கோட்டை வைத்து ஒரு ஆளைச் சாகடிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. சாஸ்திரப்படி பன்னிரண்டு வருஷம்."

வாத்தியார் முணுமுணுத்தார். அனந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்... கெஞ்சலா, கோபமா என்று சொல்ல முடியாத பார்வை. சிவராமன் இருப்பதாகவே வைத்துக்கொண்டு கல்யாணத்தை நடத்தலாம், அதற்கும் விதி உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். கரமனைக்காரர் அதற்குள் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டுவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் பகவதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவியிடம் கொஞ்ச நேரம் எலுமிச்சங்காய் ஊறுகாய் பற்றிப் பேசினாள். போகும்போது என் நாற்காலிக்கு அருகில் நின்றாள்.

"மாமா, ரங்கூன்ல உங்க பூட்ஸ் தொலைஞ்சுதே, ஞாபகமிருக்கா?"

"இருக்கு."

"அன்னிக்கு அவர் எவ்வளவு சிரிச்சார்."

"ஆமாம்."

வாசலைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றாள். அழவில்லை.

"பன்னண்டு வருஷம்னு சொன்னேளே, அது மாறாதே?"

"விதி மாறாது, அம்மா."

"அது போறும்" என்று சொல்லிப் படியிறங்கினாள். நெற்றியில் குங்குமம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ரங்கூனைப் பற்றிப் பேசியதே இல்லை. கொலுவுக்கு வருவாள். கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுப்பாள். வரலக்ஷ்மி விரதத்தன்று முதல் தாம்பூலம் அவளுக்குத்தான் என்று என் மனைவி வைத்திருந்தாள். அந்த வீடுகளில் அவள் எப்படிச் சிரித்தாள், திரும்பிப் போய் எப்படிப் படுத்தாள்? எனக்குத் தெரியாது. விசாரிக்க விதியும் இல்லை.

கோமுவின் கல்யாணம் நின்றது நின்றதுதான். இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாள். பிறகு ஆலப்புழையில் பெண்டாட்டியை இழந்த ஒரு தபுதாரனுக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். மூத்தவளின் பிள்ளைகளில் பெரியவன் அவளைவிட உயரம். கல்யாணத்தன்று நமஸ்காரம் செய்ய வந்தவள் என் காலை மட்டும் தொடவில்லை.

அப்படியானால் நான் செய்தது நியாயமா என்று வாசகர்கள் கேட்பீர்கள். சர்வீஸில் எத்தனையோ உத்தரவு போட்டிருக்கிறேன். ஒருத்திக்கு அனுகூலமாக எழுதிய உத்தரவு இன்னொருத்திக்குப் பாதகமாகாமல் இருந்து நான் கண்டதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றது அன்று பகவதி மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோமுவும் நின்றாளாம். பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இனி, போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

குங்கும வரிசை முடிந்து, எடுக்கிற நேரம். காரியம் செய்யப்போவது அனந்துவின் பையன். வாத்தியார் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். பர்த்தா இருக்கிறவளா, இல்லாதவளா? அதைப் பொறுத்துத்தானே சங்கல்பம், கோடி, மற்றதெல்லாம்? அவர் என்னைப் பார்த்தார். அனந்துவும் பார்த்தார். கோமு தூணருகில் நின்று பார்த்தாள். அன்று போலவே எல்லோரும்.

"பன்னிரண்டு வருஷம் ஆகவில்லை" என்றேன். "இருக்கிறவள் என்றே சொல்லும்."

சிவப்புப் புடவை சாத்தி, தலை நிறையப் பூ வைத்துக் கொண்டுபோனார்கள். தெரு முழுவதும் கையெடுத்துக் கும்பிட்டது. கோமுவும் கும்பிட்டாள், என்னைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். என் மனைவி நெற்றியில் பகவதியின் குங்குமத்தோடு காப்பி கொண்டுவந்து வைத்தாள். பாவம், அந்த மனுஷன் எந்த ஊரில் இருக்கிறானோ, அவனுக்கு யார் போய்ச் சொல்வது என்று கேட்டாள்.

அவள் கேட்டதிலும் தப்பில்லை. விதிப்படி, போன வெள்ளிக்கிழமையிலிருந்து சிவராமன் தபுதாரன்.