சித்தி வைத்த பிஸ்தாப் பாயாசம்

சித்தியைப் பெண் பார்க்க விம்பிள்டனிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அம்மா கஜு முந்திரியைக் கைவிட்டாள். கஜுப் பாயாசம் எந்த வீட்டிலும் கிடைக்கும். பிஸ்தாப் பாயாசம் என்றால்தான் நாலு பேர் பேசுவார்களாம்.

"எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாமக்கா" என்றாள் சித்தி.

"வேண்டாமெண்டால் மாப்பிள்ளை வீட்டார் சொல்லட்டும். நீ பாயாசத்தை வை."

அப்டன் பார்க்கில் ஓர் ஈரான்காரரின் கடைக்குச் சித்தி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பிஸ்தா மரத்திலேயே வாய் திறந்துவிடும், தங்கள் ஊரில் அதைச் சிரிக்கும் பிஸ்தா என்பார்கள் என்றார் அவர். அந்தக் காலத்து ராசாக்கள் தின்றதாம். உடம்புக்குப் பலமாம். வறுக்காத பிஸ்தா ஒரு சாக்கில் இருந்தது. சித்தி அதைப் பார்த்தாள். பக்கத்தில் உப்புப் போட்டு வறுத்திருந்ததை வாங்கினாள்.

கோது உடைத்துப் பருப்பெடுக்கும் வேலை ஏழு வயதுக்காரியான எனக்கு.

"கழுவாதை. உப்பெண்டு அம்மாட்டைச் சொல்லாதை."

"ஏன் சித்தி?"

"ராசாக்கள் இப்பிடித்தான் சாப்பிட்டவையாம்."

நான் சொல் தவறவில்லை. கழுவவே இல்லை. தின்றால் குறைந்துவிடும், அடி விழும். சூப்பினால் ஒன்றும் குறையாது. ஒவ்வொன்றையும் உப்புப் போகும்வரை சூப்பி, சட்டையில் துடைத்து, கிண்ணத்தில் போட்டேன்.

சித்தி அதை அரைத்துப் பாலில் காய்ச்சினாள். சாமிக்குப் படைக்குமுன் எங்கள் வீட்டில் ஒருவரும் ருசி பார்ப்பதில்லை. முதல் கிண்ணம் பிள்ளையார் படத்துக்குப் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் தாய் ஒரு கரண்டி வாயில் வைத்தபோது, கதவோரம் நின்ற சித்தி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

"என்ன கைப்பக்குவம் பிள்ளை! எல்லாம் அளவாயிருக்கு. இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

சித்தி அடுப்படிக்கு ஓடிப் பானையில் விரலை விட்டு நக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உப்பு எங்கையடி?"

நான் பெருமையோடு நாக்கை நீட்டிக் காட்டினேன்.

முன்னறையில் தை மாதம் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தி அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். தனக்குக் கொஞ்சமும் வைக்காமல் உப்பு முழுவதையும் நானே தின்றுவிட்டேன் என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். சட்டைப்பையில் சூப்பாத பிஸ்தா ஒன்று ஒளித்து வைத்திருந்தேன். கொடுக்க எனக்கு மனம் வரவில்லைதான். ஆனாலும் அதை எடுத்து அவள் கையில் வைத்தேன்.