கம்பெனி மூடிய பிறகு சந்திரவல்லி

சந்திரவல்லி போடி நகராட்சியில் கவுன்சிலரானது தற்செயல்தான். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, தெருவில் பாதிப் பேர் அவளோடு ஏலக்காய் பொறுக்குகிறவர்கள் என்பதால் அவளை நிறுத்திவிட்டார்கள். ஜெயித்த மறுநாளும் அவள் தூக்குவாளியோடு வேலைக்குப் போனாள்.

ஊரில் கம்பெனி என்றால் அந்த ஏலக்காய்க் கம்பெனி ஒன்றுதான். மலையிலிருந்து இறங்கும் காயை நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரிக்க நானூறு பெண்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதை மூடப் போகிறார்கள் என்று தை மாதம் ஒரு பேச்சு கிளம்பியது. சந்திரவல்லி மேனேஜரிடம் நேரே போய்க் கேட்டாள். "அதெல்லாம் வதந்திம்மா" என்று சிரித்தார் அவர். அதை நம்பி, தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கம்பெனியில் அவளோடு காய் பொறுக்கும் எதிர்வீட்டுச் செல்லக்கிளிக்கு அப்போது குரங்கணிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் வருஷம் முழுக்க வேலை வந்திருந்தது. புருஷனை இழந்தவள், நர்சிங் படிக்கும் மகள் இருக்கிறாள். தோழியின் பேச்சைக் கேட்டு அந்த வேலையை வேண்டாமென்றாள். பங்குனியில் கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டார்கள். இனி வெளிமாநிலத்தில் மெஷின் காயைப் பிரிக்குமாம்.

பெண்கள் கூட்டமாகச் சந்திரவல்லி வீட்டுக்கு வந்தார்கள். சிலர் அழுதார்கள், சிலர் ஏசினார்கள். செல்லக்கிளி மட்டும் வரவில்லை. கதவு சாத்தியே கிடந்தது. சந்திரவல்லிக்குச் சோறு இறங்கவில்லை.

"அவ வரமாட்டா. நீதான் போகணும்" என்றான் ஜீப் ஓட்டும் அவள் புருஷன் சோணை.

போனாள். செல்லக்கிளி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தப்பு எம்பேர்லதான்டி" என்றாள் சந்திரவல்லி. "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

செல்லக்கிளி எழுந்து பாயை விரித்தாள். "ஒரு வாரமா இந்தச் சொல்லுக்குத்தான் காத்துக் கெடந்தேன். உக்காரு, காப்பி போடுறேன்."

காப்பி குடிக்கும்போது அவளே ஒரு வழியும் சொன்னாள். ஊரில் சின்ன வியாபாரிகளிடம் காய் இருக்கிறது, பொறுக்க இடமில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் ஒருவர் காய் இன்னொருவர் காயோடு கலந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். "எல்லாரும் பார்க்க ஒரே எடத்துல உக்காந்து பொறுக்குனா குடுப்பாக."

நகராட்சித் தலைவர் பாண்டித்துரை நல்ல மனிதர். இன்னொரு பெரிய கம்பெனியைக் கொண்டுவரச் சென்னைக்கும் தேனிக்கும் அலைந்து களைத்திருந்தார். அடுத்த கூட்டத்தில், அதுவரை வாயே திறக்காத சந்திரவல்லி எழுந்தாள்.

"பெரிய கம்பெனி வரட்டும்ண்ணே, வேணாங்கல. ஆனா ஒருத்தரையே நம்பித்தானே இப்பிடி ஆச்சு? சும்மா பூட்டிக் கெடக்குற சமுதாயக்கூடத்தைத் தாங்க. பத்துச் சின்ன வியாபாரிக கிட்ட நாங்களே போய்க் கேக்குறோம்."

கூடத்தின் கூரை ஒழுகுகிறது என்று யாரோ சொன்னார்கள். தலைவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். "கூரையை நான் பாத்துக்கிறேன். கடைகளுக்கு நானும் கூட வர்றேன்த்தா" என்றார். வெயிலில் இருவரும் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். தலைவரே வந்து நின்றதால் மூன்று வியாபாரிகள் சம்மதித்தார்கள்.

முதல் நாள் வந்தவர்கள் முப்பத்தொரு பேர். பொறுப்பைச் செல்லக்கிளி எடுத்துக்கொண்டாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு வெடித்த காய் நல்ல காயோடு போகாது. அந்தப் பேர் பரவி மற்ற வியாபாரிகளும் வந்தார்கள். ஒரு வருஷத்தில் கூடத்தில் நூற்றெண்பது பேர் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் வேலை திரும்பியது என்று சொல்ல முடியாது. பலர் விடியுமுன் ஜீப்பேறித் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலர் திருப்பூருக்குக் குடிபோனார்கள்.

அப்படிப் போன முத்துப்பிரியா ஒருநாள் போனில் கேட்டாள்: "அக்கா, பிள்ளைகளுக்கு இந்த ஊரு ஒத்துக்கல. திரும்பி வந்துரட்டா?"

வா என்று சொல்லச் சந்திரவல்லிக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். "இப்ப எடமில்ல ஆத்தா. ஐப்பசியில காய் நெறைய எறங்கும். செல்லக்கிளிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

ஐப்பசியில் மூன்று இடம் கூடியது. முத்துப்பிரியாவின் பெயரைச் செல்லக்கிளி நோட்டில் எழுதிய பிறகுதான் சந்திரவல்லி போன் பண்ணினாள். அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. முத்துப்பிரியா பிள்ளைகளோடு இறங்கியதும், தூங்கி வழிந்த சின்னவளைச் சந்திரவல்லி தோளில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.