மேனேஜருக்கு ஒரு மாலை

பத்தாவதோடு நின்றவள் எழுத வந்ததற்கு மன்னித்துவிடுங்கள். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம், ஒரகடம் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை முடித்து வந்த அண்ணன், முட்டியில் நீலகிரித் தைலம் தேய்த்தார். அந்த வாசனையில் எனக்குப் பத்து வயது திரும்பிவிட்டது.

அப்போது சேரப்பணஞ்சேரி கால்பந்து அணிக்குத் தேவசகாயம் மாமாதான் மேனேஜர். வெறுங்காலில் ஆடியே மெட்ராஸ் கிளப் வரை போனவர். ஆட்டம் ஓய்ந்ததும் ஊருக்கு வந்து எங்கள் பையன்களை ஆட்டிவைத்தார். இறுதிப் போட்டியன்று காலையில் தைலப் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார். அண்ணனின் முட்டி வீங்கிக் கிடந்தது.

"பையனால நிக்கவே முடியல, வுட்டுடுங்கண்ணே," என்றாள் அம்மா.

"நானெல்லாம் வெரல் ஒடிஞ்சிகினு ஆடுனவன் தங்கச்சி. இவனுக்கு முட்டில ஒண்ணுமில்ல, மனசுலதான் பயம் கீது," என்று சிரித்தபடி அழுத்தித் தேய்த்தார். அண்ணன் தலையணையைக் கடித்துக்கொண்டார்.

கோப்பை கிடைத்தது. மேனேஜரைத் தோளில் தூக்கி வந்தார்கள். அண்ணனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளி வந்தார்கள். அந்தக் கால் பிறகு சரியாக மடங்கவே இல்லை.

அந்த மனிதருக்குத்தான் இப்போது ஊரில் பாராட்டு விழா. அண்ணன்தான் மாலை போட வேண்டுமாம்.

"போவாதண்ணே!" என்று கத்தினேன். நான் கத்தி அவர் பார்த்ததில்லை.

"வுடும்மா, பெரியவரு. கப்பு வாங்கிக் குடுத்தாரில்ல?"

"கப்பு நீ ஆடி வாங்குனது. உன் கால ஒரு தபாவாவது வந்து பாத்தாரா அந்தாளு?"

அண்ணன் பாட்டிலை மூடினார்.

மறுநாள் விழா நடந்தது. அண்ணன் மாலை போட்டுவிட்டு, அங்கிருந்தே நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார்.