கோணலாக அச்சடித்த பல்

பெயர்ப்பலகை செய்யும் பட்டறையில் அவருக்குக் 'கோணல்' என்று பெயர். மனிதர் நூல் பிடித்தாற்போல நேரானவர், வேலைதான் கோணல். தட்டையான பிளாஸ்டிக் தாளில் எழுத்தை அச்சடித்து, குழையும்வரை சூடாக்கி, மோல்டின் மேல் போட்டு அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால், தாள் மோல்டோடு ஒட்டிப் புடைத்துக்கொள்ளும். புடைக்கிற இடத்தில் தாள் இழுபடும். எழுத்தும் கூடவே இழுபடும். எவ்வளவு என்று கணக்குப் போட்டு, முன்கூட்டியே எழுத்தைக் குறுக்கி, சாய்த்து, கெடுத்து வைப்பவர் அவர். ஊரில் பாதிக் கடைகளின் பெயர் நேராக நிற்பது முப்பது வருடமாக அவர் கெடுத்த கெடுப்பால்தான். யாராவது கேட்டால்தானே சொல்ல.

மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகள் வேறு ஊரில் பல் மருத்துவர். வாரம் ஒரு போன். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் போன மாதம், "அப்பா, என் கிளினிக்குக்கு நீங்களே ஒரு போர்டு செஞ்சு தாங்களேன்" என்றாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தானே கொண்டுபோய் மாட்டி, நாலு நாள் அவளோடு இருந்துவிட்டு வரலாம் என்று அன்றே லீவு எழுதிக் கொடுத்தார்.

பெரிய கடைவாய்ப் பல், அதன் வளைவில் அவள் பெயர். பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் போட்ட தாளை மோல்டில் மூன்று முறை இழுத்துப் பார்த்து, எந்தக் கட்டம் எவ்வளவு விரிகிறது என்று அளந்தார். அந்தக் கணக்குப்படி கோணலாக்கிய பெயர் அச்சாகி வந்ததும் ஆசை பொறுக்கவில்லை. சூடாக்குவதற்கு முன்பே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார், அவசரக்குடுக்கை.

ஐந்தே நிமிடத்தில் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, கண்ணு செக் பண்ணீங்களா?"

"ஏம்மா?"

"எழுத்தெல்லாம் ஒரு மாதிரி போயிருக்கேப்பா. பரவாயில்ல, விடுங்க. இந்த வயசுல எதுக்குச் சிரமம்? இங்கயே ஒருத்தர்கிட்ட சொல்லிடறேன்."

"இல்லம்மா, அது அப்படித்தான்..."

"பேஷண்ட் வந்துட்டாங்கப்பா. அப்புறம் பேசறேன்."

அப்பா போர்டு கம்பெனியில் இருக்கிறார் என்பதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வலித்தது. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை, வந்தது வெட்கம்.

ஆனாலும் தாளைச் சட்டத்தில் பூட்டினார். குழைந்தது, இறங்கியது, ஒட்டியது. ஆறியதும் பார்த்தால் அவள் பெயர் மயிரிழை பிசகாமல் நின்றது. அதையும் போட்டோ எடுத்து அனுப்பினார்.

"சூப்பர்ப்பா! யாரு சரி பண்ணிக் குடுத்தாங்க? இதையே மாட்டிக்கறேன். நீங்க அலைய வேண்டாம், கூரியர்ல போட்டுடுங்க" என்று பதில் வந்தது.

நீளமாக ஏதோ தட்டினார். அழித்தார். கடைசியில், "மெஷின்தாம்மா" என்று போட்டுவிட்டு, அந்தப் பல் கொள்கிற அளவில் ஒரு அட்டைப்பெட்டி தேடப் போனார்.