பாவு காயும் வரை

ஆரணியில் எங்கள் தெருவில் காலை வேளையில் சைக்கிள்கூடப் போக முடியாது. தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு விரித்து, மூங்கில்கள் மேல் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். அதுதான் பாவு. இன்றைக்கு ஒரு வீட்டுப் பாவு என்றால் நாளைக்கு இன்னொரு வீட்டுடையது. ஈரம் காயும் முன் எடுத்தால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழ். அதனால் அது கிடக்கும்வரை யாரும் தொடக்கூடாது, அடியில் நுழையக்கூடாது. இந்தச் சட்டத்துக்கு எங்கள் அப்பாதான் போலீஸ், அவரேதான் ஜட்ஜும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே என்று குனிந்து பாவுக்கு அடியில் ஓடினேன். என் ரிப்பன் இழையில் மாட்டிக்கொண்டது. அப்பா தெருவிலேயே முதுகில் ஒன்று வைத்தார்.

"ஊரான் வயித்துல அடிக்கிறியா நீ?" என்று கத்தினார்.

அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு மாடு மிரண்டு எங்கள் வீட்டுப் பாவுக்குள் புகுந்திருந்தது. அறுந்த இழைகளை மடியில் போட்டுக்கொண்டு அப்பா அழுததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வடைச்சட்டி அடுப்பில் ஏறவே இல்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன், என் மகள் பிறந்ததும் கெட்டுப்போனார். களம்பூரில் இருக்கிற என் புகுந்த வீட்டிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போதெல்லாம், அவள் பாவுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் நிமிர்ந்து "தாத்தா!" என்று கூப்பிடுவாள். அவரும் குழைந்துபோய்ச் சிரிப்பார். "எலிக்குட்டி மாதிரி பூந்து போவுது, இழையில படவே இல்ல பாரு" என்று வக்காலத்து வேறு. நான் வாங்கிய அடி ஞாபகம் வந்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதக் காலை. நாங்கள் வந்திருந்தோம். தறியில் உட்கார்ந்திருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் தொப்பலாக வேர்த்திருந்தது. தம்பி கடைத்தெருவுக்கு ஓடி ஒரு வாடகைக் கார் பிடித்து வந்தான். கார் தெருமுனையில் நின்றுவிட்டது. எதிர்வீட்டு அண்ணனின் பாவு அன்றைக்கு. அப்போதுதான் கஞ்சி தெளித்திருந்தார்கள். சுவருக்கும் பாவுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகவும் வழியில்லை.

அந்த அண்ணன் கத்தியோடு ஓடிவந்தார். "அறுத்துப் போட்டுட்றேன் பெரிப்பா. ஜல்தியா கார் வாசலுக்கே வரட்டும்."

அப்பா கையை உயர்த்தித் தடுத்தார். "அதுல கைய வெச்சின்னா நான் ஆஸ்பத்திரிக்கே போவ மாட்டேன்."

"பாவு போனா போவுது, நீ எங்களுக்கு வேணாமா?" என்று நான் கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் அடிமேல் அடிவைத்து நடந்தார். தம்பி முன்னால், நான் பின்னால். பாதித் தெருவில் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதும் பார்வை பாவு மேல்தான். "காஞ்சிகினு வருது. ஒண்ணும் பண்ணாதீங்க" என்றார். மறுபடியும் எழுந்து நடந்து கார்வரைக்கும் போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவர நடக்க வெச்சா கூட்டினு வந்தீங்க?" மதியத்துக்குள் அப்பா போய்விட்டார்.

சாவு விழுந்தால் எங்கள் தெருவில் பாவு போடமாட்டார்கள். மறுநாள் காலையில் ஒரு மூங்கில்கூட இல்லை. காலை நேரத்தில் அந்தத் தெருவை அவ்வளவு அகலமாக நான் பார்த்ததே கிடையாது. கார் தாராளமாக வந்திருக்கும். நாலு பேர் தோள்கொடுத்து, எங்கேயும் இடிக்காமல், நடுத்தெருவில் அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

எதிர்வீட்டு அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "நான் அறுத்திருப்பேம்மா. அவருதான் உடல."

"தெரியும்ணா" என்றேன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எல்லாம் அப்பா மேல்தான். ஊரான் பாவுக்கு இருந்த மதிப்பு எங்களுக்கு இல்லையா என்று பாடையை நிறுத்திக் கேட்க வேண்டும்போல இருந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

அப்போது என் மகள் என் கையை உதறிக்கொண்டு பாடைக்குப் பின்னால் ஓடினாள். பாவு எப்போதும் கிடக்கிற இடம் வந்ததும் தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் குனிந்து நுழைந்தாள். அந்தப் பக்கம் நிமிர்ந்து, "தாத்தா!" என்று கூப்பிட்டாள்.